பராமரிப்பவள் இழக்கும் கூலிக்கு யார் பொறுப்பு?

தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்தவர், பக்கவாதத்தில் சாய்ந்த மில் தொழிலாளி – ஆனைமலை வட்டாரத்தில் இத்தகையோர் வீட்டில் நின்றுபோவது ஒரு கூலியல்ல, இரண்டு. தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டும் மனைவியும் வேலைக்குப் போக முடியாது.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீடு தேடி வருகிறார், வரவேற்கிறோம். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிக்கான மாத உதவி 2023-ல் 2,000 ரூபாயாயிற்று. மருந்துக்கும் அரிசிக்குமே அது பற்றாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24-வது பிரிவில், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி உண்டு என்கிறது. கூடவே ‘அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு’ என்று ஒரு வால்! 2019-ல் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22-க்கு இறக்க மட்டும் சக்தி எங்கிருந்து வந்தது?

படி, இழந்த கூலிக்கு ஈடாக வேண்டும். தோழர்களே! மனுவைத் தனியே தூக்கிப் போகாதீர்கள். சங்கமாய்த் திரண்டு போவோம்.