2 அங்குலக் கல் பலகையை அறுக்க எந்த கட்டர்?

‘‘மாட்டுக்கொட்டகைத் தரைக்காக 2 அங்குலக் கனத்தில் கருங்கல் பலகைகள் வாங்கியிருக்கிறோம். ஓரங்களை அளவுக்கு அறுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் 4 அங்குல கட்டரில் பாதிக் கனம்தான் இறங்குகிறது. பிளேடும் சூடேறிக் கருகுகிறது. 7 அங்குல பிளேடு வாங்கி அதே மெஷினில் மாட்டலாமா?’’
- வாசகர், கரியாலூர், கல்வராயன்மலை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். அப்படி மாட்டவே கூடாது. 4 அங்குல கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடும். 7 அங்குல பிளேடு தாங்குவது சுமார் 8,500 சுற்றுதான். மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய பிளேடை மாட்டினால், அது உடைந்து முகத்திலோ கழுத்திலோ பாயும். பிளேடு தாங்கும் வேகம் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். மெஷினின் வேகம் அதைத் தாண்டக் கூடாது.

எந்த கட்டர் என்பதைக் கல்லின் கனமும், எத்தனை வெட்டு என்பதும்தான் முடிவு செய்யும். 4 அங்குல மார்பிள் கட்டர் அதிகபட்சம் 30 மி.மீ. ஆழம் இறங்கும். முக்கால் அங்குலக் கடப்பா கல்லுக்கு அது தாராளம். உங்கள் பலகையின் கனம் 50 மி.மீ. ஒரே பக்கமாக அறுத்தால் முடியாது. 14 அங்குல பெட்ரோல் கட்டர் 4 அங்குலத்துக்கு மேலேயே இறங்கும். தண்ணீர்க் குழாய் இணைப்பும் அதில் உண்டு, கரன்ட்டும் தேவையில்லை.

பத்து, பதினைந்து வெட்டுகள்தான் என்றால் புது மெஷின் வாங்காதீர்கள். இருப்பதிலேயே இரண்டு பக்கமும் அறுக்கலாம். மூலைமட்டம் வைத்து, பலகையின் மேல், பக்கவாட்டு, கீழ் என மூன்றிலும் ஒரே கோடாக வரைந்துகொள்ளுங்கள். ஒரே மூச்சில் அழுத்தாமல், ஒரு தடவைக்கு 5 மி.மீ. வீதம் ஐந்தாறு ஓட்டமாக இறக்குங்கள். பிறகு கல்லைப் புரட்டி அடுத்த பக்கம் அறுங்கள். நிறைய வெட்டுகள் இருந்தால், பெட்ரோல் கட்டரை ஆளோடு வாடகைக்கு எடுப்பதே லாபம். அடுத்த முறை வாங்கும்போது, நேர் வெட்டுகளை கல் பட்டறையிலேயே அறுத்து வாங்கிவிடுங்கள். மலைக்கு ஏற்றும் சுமையும் குறையும்.

பிளேடு சூடேறக் காரணம் அழுத்தமும், தண்ணீர் இல்லாததும்தான். கருங்கல்லுக்கென்றே விற்கும் டைமண்ட் பிளேடாகக் கேட்டு வாங்குங்கள். டைல்ஸ் பிளேடு கருங்கல்லில் சீக்கிரம் மழுங்கிவிடும். வெட்டாமல் வழுக்க ஆரம்பித்தால், செங்கல்லில் நாலைந்து முறை ஓட்டுங்கள். மேல்பூச்சு தேய்ந்து, உள்ளிருக்கும் வைரத்துகள் வெளியே வரும்.

தண்ணீர்க் குழாய் உள்ள மார்பிள் கட்டரில் மட்டும் தண்ணீர் விடுங்கள். கிரைண்டர் மெஷின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும். ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் உள்ள இணைப்பில்தான் மாட்ட வேண்டும். மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் வோல்டேஜ் குறைந்து மோட்டார் கருகும். 2.5 சதுர மி.மீ. ஒயரை முழுவதும் விரித்துப் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தூசி. கருங்கல்லில் சிலிக்கா அதிகம். அறுக்கும்போது பறக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள் நுரையீரலில் போய்த் தங்கி, சிலிகோசிஸ் நோயைத் தரும். வந்தால் குணமாக்க மருந்தில்லை. மத்தியப் பிரதேசம் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர்கள் பலரை இந்த நோய்தான் வீழ்த்தியது. சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லை அறுத்தவர்களுக்கும் இதே நோய் வந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. ஒருநாள் வேலைக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். ஆனால், ஊரில் பலருக்கும் அறுத்துக் கொடுப்பவர் கட்டாயம் கவனிக்க வேண்டும். முகத்தில் துண்டு கட்டினால் போதாது. என்-95 முகக்கவசம் போடுங்கள், ஈரமாகவே அறுங்கள், திறந்த வெளியில் காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். கண்ணாடி அணியுங்கள். லுங்கி, தோள்துண்டோடு மெஷினைத் தொடாதீர்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். சேறாக வழிந்த கல்மாவைக் காய்வதற்குள் கழுவி, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். காய்ந்தால் மறுபடி தூசியாகும்.

கடைசியாக, மாட்டுக்குரிய ஒரு விஷயம். பலகையின் சொரசொரப்பான முகம் மேலே இருக்கும்படி பதியுங்கள். வழவழப்பான தரையில் சாணமும் மூத்திரமும் சேர்ந்தால், சினைமாடு வழுக்கி விழும். அறுத்த ஓரத்தைத் தரைமட்டத்துக்குச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள். கூரான விளிம்பு குளம்பைக் கிழிக்கும்.