பிக்கப் டிரக்குக்கு ‘ஹெடர்’ மாட்டலாமா? ஆசைப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பழைய வி8 என்ஜின் டிரக். ஹெடர் மாற்றுவதற்கு முன் ஒரு சத்தம், மாற்றிய பிறகு ஒரு சத்தம். அமெரிக்க யூடியூபர்கள் போடும் இந்த மாதிரி வீடியோக்களுக்கு நம்ம ஊரிலும் ரசிகர்கள் அதிகம். இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் வாங்கியவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி: ‘நம்ம வண்டிக்கும் ஒண்ணு மாட்டினா என்ன?’

நேரடியான பதில்: வேண்டாம். சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த என்ஜினுக்கு ஹெடரால் பெரிய பலன் எதுவும் கிடையாது.

ஹெடர் என்றால் என்ன?

என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த புகை வெளியே வர வேண்டும். அதை வாங்கிச் சேர்த்து சைலன்ஸர் பக்கம் அனுப்பும் முதல் பாகம்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கம்பெனி வண்டிகளில் இது பெரும்பாலும் வார்ப்பிரும்பில் இருக்கும். விலை குறைவு, நீடித்து உழைக்கும், இடத்தை அடைக்காது. ஆனால் எல்லா சிலிண்டர்களின் புகையும் ஒரே குறுகிய அறையில் வந்து முட்டிக்கொள்ளும்.

ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் உண்டு. அந்தக் குழாய்கள் கொஞ்ச தூரம் தனியாகப் போய், ‘கலெக்டர்’ என்ற இடத்தில் ஒன்றுசேரும். ஒரு சிலிண்டரின் புகை வேகமாக வெளியேறும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துவிடுகிறது. பழைய புகை முழுசாக வெளியேறினால் புதிய காற்றுக்கு இடம் கிடைக்கும். பவர் கூடுவது இப்படித்தான். சத்தம் மாறுவது இதன் பக்க விளைவு.

‘என்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும் சார்’ என்று சில ஒர்க்‌ஷாப்களில் சொல்வார்கள். அது சரியல்ல. என்ஜினுக்குத் தேவை புகையின் வேகம். குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் அந்த வேகம் குறைந்து, குறைந்த ஆர்.பி.எம்-மில் இழுவை போய்விடும். பாரம் இழுக்கிற டிரக்குக்குக் குறைந்த ஆர்.பி.எம்-மில்தான் இழுவை வேண்டும். ஆகவே ‘பெரிய பைப் என்றால் பெரிய பவர்’ என்ற கணக்கு தப்பு.

அமெரிக்காவில் மட்டும் ஏன் இந்த மோகம்?

அங்கே ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ போன்ற டிரக்குகளில் டர்போ இல்லாத பெட்ரோல் வி8 என்ஜின் இன்னமும் கிடைக்கிறது. ஹெடர் உண்மையில் வேலை செய்வது இந்த வகை என்ஜினில்தான். அங்கே பழைய வி8 டிரக்குகளில் மேனிஃபோல்டு போல்ட் உடைந்து புகை கசிவது மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன புகார். எப்படியும் கழற்றத்தான் வேண்டும் என்ற நிலையில், பலர் ஹெடராகவே மாட்டிவிடுகிறார்கள். அது நியாயமான முடிவுதான்.

ஆனால் அங்கேயும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஹெடரில் இரண்டு வகை. ‘ஷார்ட்டி’ என்பது பழைய மேனிஃபோல்டு இருந்த இடத்திலேயே உட்காரும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தொட வேண்டியதில்லை. பலன் குறைவு, தலைவலியும் குறைவு. ‘லாங் டியூப்’ பவரை நன்றாகவே கூட்டும். ஆனால் கன்வெர்ட்டரை இடம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் கழற்ற வேண்டும். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி, சாலையில் ஓடும் வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைப்பது குற்றம். கலிஃபோர்னியாவில் இன்னும் கெடுபிடி: அந்த மாநிலக் காற்று வாரியம் அனுமதித்து ‘இ.ஓ.’ எண் கொடுத்த பாகமாக இருக்க வேண்டும்.

அங்கே வேலை பார்க்கும், சொந்தமாக டிரக் வைத்திருக்கும் தமிழர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, இ.ஓ. எண். இரண்டு, உலோகம்: சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை அதிகம், ஆனால் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் ஊர்களில் தாங்கும். மூன்று, ஃபிளாஞ்ச் என்ற இணைப்புத் தகட்டின் தடிமன். மெல்லியதாக இருந்தால் சூட்டில் வளையும், கேஸ்கெட்டில் புகை கசியும். ஆக்ஸிஜன் சென்ஸருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து சென்ஸர் ஏமாறும். என்ஜின் தேவையில்லாமல் எரிபொருளை ஊற்றும்.

இத்தனைக்குப் பிறகும் எவ்வளவு பவர் கிடைக்கும்? சில்வராடோவின் 5.3 லிட்டர் வி8 தருவது 355 குதிரைத்திறன். லாங் டியூப் போட்டு, ட்யூனிங்கும் செய்து 20 கூடினது என்று வைத்துக்கொண்டாலும் அது 6 சதவீதம்கூட இல்லை. தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டியில் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும். காலுக்குத் தெரிவது சந்தேகம்.

நம்ம ஊர் டிரக்குகளில் என்ன சிக்கல்?

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லை தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் தயாராகும் வி-கிராஸில் இருப்பது 1.9 லிட்டர் டர்போ டீசல். ஹைலக்ஸில் 2.8 லிட்டர் டர்போ டீசல். மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதாவிலும் டர்போ டீசல்தான் பழக்கம்.

டர்போ என்ன செய்கிறது? வெளியேறும் புகையின் சூட்டையும் அழுத்தத்தையும் வைத்தே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறது. அதனால்தான் மேனிஃபோல்டு குட்டையாக, என்ஜினை ஒட்டியே இருக்கிறது. நடுவில் நீளமான குழாய்களைக் கொண்டுவந்தால் புகை வழியிலேயே சூட்டை இழக்கும். டர்போ விழித்துக்கொள்ளத் தாமதமாகும். செலவு செய்து வண்டியை மந்தமாக்கிக்கொள்வது போலத்தான்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 வண்டிகளில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. டீசல் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி. பிடித்த கரியை அது சூட்டில்தான் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். முன்னால் இருக்கும் குழாயை மாற்றினால் இதன் கணக்கும் குழம்பும். அப்போதுதான், ‘அதையும் எடுத்துடலாம் சார், மைலேஜ் கூடும்’ என்ற அடுத்த யோசனை வருகிறது.

அந்த யோசனைக்கு என்ன விலை என்பதற்கும் அமெரிக்காவே உதாரணம். பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்டதாக அந்த நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2020-ல் மதிப்பிட்டது. கூடுதல் புகைக்கணக்கில் பார்த்தால், விதிப்படி இருக்கும் 90 லட்சம் டிரக்குகளைப் புதிதாகச் சாலையில் இறக்கியதற்குச் சமம் என்றது. ஒருத்தர் வண்டியில் சின்ன மாற்றம்தான். மொத்தமாகச் சேரும்போது ஊரே மூச்சுத் திணறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் அது தனிக் கணக்கு: 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, கூடவே 3 மாதத்துக்கு லைசென்ஸும் முடங்கும்.

‘யாரும் பிடிக்கிறதில்லையே’ என்பது பலரின் தைரியம். ஆனால் விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து வண்டியைப் பார்ப்பார். கேள்வி அங்கேயும் எழலாம்.

அப்போ என்னதான் செய்வது?

நாலைந்து லட்சம் கிலோமீட்டர் உழைக்க வேண்டிய வண்டி இது. ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவது, சரியான ரக ஆயில் ஊற்றுவது, போகும் பாதைக்கு ஏற்ற நல்ல டயர் போடுவது, வாரம் ஒருமுறை காற்றழுத்தம் பார்ப்பது. இதில் எதுவும் ரீல்ஸுக்கு உதவாது. ஆனால் கொல்லிமலை ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது வண்டிக்குக் கைகொடுப்பது இவைதான்.

டர்போ இல்லாத வி8 வைத்திருப்பவருக்கு, சட்டம் அனுமதிக்கும் ஊரில், ஹெடர் ஒரு நல்ல பாகம். டர்போ டீசல் வைத்திருப்பவருக்கு அது இன்னொருவர் மூக்குக் கண்ணாடி. பார்க்க அழகாக இருக்கலாம், போட்டால் பார்வைதான் மங்கும்.