பார்க்காமலே போட்ட டிக்

போன மாதம் என் மகளின் பள்ளியிலிருந்து ஒரு 'ஹெல்த் கார்டு' வந்தது. 400 ரூபாயை ஃபீஸோடு சேர்த்து ஏற்கெனவே கறந்துவிட்டார்கள். கண் - நார்மல். காது - நார்மல். பல் - நார்மல். முன்பல் இரண்டும் விழுந்து, 'ஸ' சொன்னால் வெறும் காற்று வருகிற பிள்ளைக்குப் பல் நார்மல்! உயரம், போன வருஷம் எழுதிய அதே 118 சென்டிமீட்டர். ஏழு வயசுப் பிள்ளை ஒரு வருஷமாக வளரவே இல்லையாம்.

"டாக்டர் என்னம்மா பண்ணினார்?"

"வரிசையில நின்னோம். நாக்கை நீட்டச் சொன்னார். அவ்ளோதான்ப்பா."

நான் பி.காம். படித்தவன். வவுச்சரைப் பார்க்காமல் கணக்கில் கையெழுத்துப் போட்டால் அதற்கு என்ன பெயர் என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

பல்லையாவது சிரித்துவிட்டு விடலாம். கண்ணை விட முடியாது. ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்த குழந்தை வாய் திறந்து சொல்லாது. அதற்கே தெரியாதே! நல்ல கண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும். மங்கலான கண் அனுப்புவதை மூளை கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிவிடும். 'சோம்பேறிக் கண்' என்பார்கள். ஏழு வயதுக்குள் பிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தே பெரும்பாலும் தேற்றிவிடலாம். கோட்டைவிட்டால், அப்புறம் முழுப் பார்வை திரும்புவது கஷ்டம். கண்டுபிடிக்க என்ன செலவு? சுவரில் ஒரு எழுத்து அட்டை. ஒவ்வொரு கண்ணாக மூட ஒரு கை. மூணு நிமிஷம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2013-ல் மத்திய அரசு ஆர்.பி.எஸ்.கே. என்றொரு திட்டம் கொண்டுவந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழு பள்ளிக்கே வர வேண்டும். குறை கண்டால் மேல்சிகிச்சையும் இலவசம். நம் தனியார் பள்ளிகள் அந்தக் கணக்கில் இல்லை. பணம் கட்டுகிற நமக்கு டிக் மட்டும்!

இதைப் படித்துவிட்டு உடனே லேபுக்கு ஓடி, 'முழு உடல் பேக்கேஜ்' என்று பிள்ளையிடம் ஐந்து டியூப் ரத்தம் உறிஞ்ச வைக்காதீர்கள். அது இன்னொரு வியாபாரம். உயரம், எடை, கண், காது, பல், மூணு வயசுக்கு மேல் ரத்த அழுத்தம். வழக்கமான குழந்தை டாக்டரே பார்த்துவிடுவார். டீன் ஏஜ் என்றால் அம்மா அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் பத்து நிமிஷம் தனியாகப் பேசுகிற டாக்டராகப் பாருங்கள். நம்மிடம் சொல்லாததை அவரிடம் சொல்லும்.

அந்த வயசில் ஹீமோகுளோபினையும் கேளுங்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. "எப்பப் பார்த்தாலும் தூங்குறா, சோம்பேறி" என்று திட்டுகிறோமே, அவர்களில் எத்தனை பேரோ!

கார்டைத் திருப்பி அனுப்பி, 'பரிசோதித்த டாக்டரின் பெயர், பதிவு எண் வேண்டும்' என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அடுத்த டெர்ம் ஃபீஸ் நோட்டீஸ் வந்துவிட்டது. ஹெல்த் செக்கப், 450 ரூபாய்.