கம்பெனி ஆயிலா, வெளி ஆயிலா?

அல்சூரில் குடியிருக்கும் நம்மவர் ஒருவர் ஒரு முதலாளியிடம் கார் ஓட்டுகிறார். 2014-ஆம் ஆண்டில் தயாரான டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் வண்டி. சமீபத்தில் அதன் கியர் பெட்டி ஆயிலை மாற்ற வேண்டி வந்தது. "உனக்குத் தெரிந்த இடத்தில் குறைந்த செலவில் முடித்துக்கொண்டு வா" என்று முதலாளி பணத்தைக் கொடுத்துவிட்டார். பட்டறைக்காரர் வண்டியின் விவரத்தாளைப் பார்த்தார். அதில் 'இ-சி.வி.டி.' என்று போட்டிருந்தது. உடனே சி.வி.டி. ஆயில் டப்பாக்களை உடைத்து ஊற்றிவிட்டார். மறுநாள் இன்னொரு மெக்கானிக் சொன்ன பிறகுதான் அது இந்த வண்டிக்கு உரிய ஆயிலே அல்ல என்று தெரிந்தது. அதை வடித்துவிட்டு மறுபடி ஊற்றிய செலவு டிரைவரின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

"எந்த ஆயில் என்று எனக்கு யார் அண்ணே சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று அவர் என்னைக் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹைபிரிட் கார் என்றால் பணக்காரர் சமாசாரம், நமக்கென்ன என்று வாசகர்கள் நினைக்கலாம். டொயோட்டா பிரியஸ் 2010-இல் இந்தியாவுக்கு இறக்குமதியாக வந்தது. கேம்ரி ஹைபிரிட்டை 2013 ஆகஸ்டு முதல் நம் மைசூர் ரயில் பாதையில் இருக்கும் பிடதியிலேயே பூட்டி விற்றார்கள். அன்று விலை 30 லட்சத்தை ஒட்டி. இன்று அந்த வண்டிகளுக்கு வாரண்டி முடிந்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறிவிட்டன. வாங்கியவர் யாராக இருந்தாலும், அவற்றை ஓட்டுகிறவர்களிலும், ஜே.சி. ரோட்டில் அவற்றுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களிலும், குழியில் இறங்கி வேலை பார்க்கிறவர்களிலும் நம் ஆட்கள் ஏராளம். தவறு நேர்ந்தால் கடைசியில் பழி வந்து விழுவதும் அவர்கள் தலையில்தான்.

முதலில் அந்தப் பெயர்க் குழப்பத்தைப் பார்ப்போம். சாதாரண சி.வி.டி. கியர் பெட்டியில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை ஓடும். பட்டை வழுக்காமல் கவ்விப் பிடிக்க வேண்டும். அதற்கென்றே செய்த ஆயில்தான் சி.வி.டி. ஆயில். டொயோட்டா ஹைபிரிட்டில் பட்டையும் கிடையாது, கப்பியும் கிடையாது. நடுவில் ஒரு பல்சக்கரமும், அதைச் சுற்றிவரும் சிறு பல்சக்கரங்களும், கூடவே இரண்டு மின்சார மோட்டார்களும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஆயில் பல்சக்கரங்களுக்கு மசகாக இருப்பதோடு மோட்டார்களின் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது; செம்புச் சுருள்கள் மேலும் படுகிறது. அந்த மோட்டார்களுக்குப் போகும் மின்சாரம் கேம்ரியில் 650 வோல்ட் வரை ஏறும். ஆகவே அந்த ஆயில் மின்சாரத்தைக் கடத்தவும் கூடாது, செம்பை அரிக்கவும் கூடாது. இதற்கு டொயோட்டா சொல்லும் ஆயில் ஏ.டி.எஃப். டபிள்யூ.எஸ்.; மிக மெல்லியது. இதற்கு முந்தைய டி-4 என்ற ஆயில் கெட்டியானது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது.

ஹைபிரிட் என்ற சொல்லை மட்டும் நம்பியும் ஏமாறக் கூடாது. 2008-இல் இங்கே வந்த ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டில் இருந்தது உண்மையான பட்டைச் சி.வி.டி.; அதற்கு ஹோண்டாவின் சி.வி.டி. ஆயில்தான் வேண்டும். 2015-இல் வந்த மாருதி சியாஸ் எஸ்.எச்.வி.எஸ். வண்டியில் இருப்பதோ கையால் மாற்றுகிற சாதாரண கியர். ஹைபிரிட் என்று மூன்றுக்கும் பெயர் இருந்தாலும் ஆயில் மூன்று விதம்.

சரி, டபிள்யூ.எஸ். என்று தெரிந்துவிட்டது. கம்பெனி டப்பாவையே வாங்க வேண்டுமா? வெளிக் கம்பெனிகளும் 'டபிள்யூ.எஸ்.ஸுக்கு ஏற்றது' என்று போட்டுக் குறைந்த விலைக்கு விற்கிறார்களே?

எங்கள் ரயில்வே வழக்கம் எனக்கு நினைவுக்கு வருகிறது. இஞ்சினுக்கு ஊற்றும் ஆயிலை நாங்கள் கம்பெனிப் பெயர் பார்த்து வாங்குவதில்லை. லக்னோவிலுள்ள ஆர்.டி.எஸ்.ஓ. ஆயில் இப்படி இருக்க வேண்டும் என்று தரம் வகுத்துக் கொடுக்கும். சோதித்து அங்கீகாரமும் கொடுக்கும். அந்தப் பட்டியலில் உள்ள எவரும் சப்ளை செய்யலாம். பெயரைவிடத் தரம் முக்கியம் என்பது எனக்கு அங்கே படிந்த எண்ணம். கார் விஷயத்திலும் அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

விசாரித்துப் பார்த்ததில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் டெக்ஸ்ரான் ஆயிலுக்கு வெளிக் கம்பெனிகளைச் சோதித்து உரிமம் கொடுத்து வந்திருக்கிறது. (அந்தக் காலத்து கியர் ஆயிலில் திமிங்கிலத்தின் எண்ணெய் கலந்திருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை போட்ட பிறகுதான் மாற்று தேடினார்கள்.) டொயோட்டாவோ டபிள்யூ.எஸ்.ஸுக்கு வெளியாருக்கு அப்படி உரிமம் கொடுப்பதில்லை. எனவே வெளி டப்பாவில் 'ஏற்றது' என்று இருந்தால், அது தயாரித்தவர் தாமே சொல்லிக்கொள்வது. அவர் நல்லவராக இருந்தால் சரி. இல்லாவிட்டால் கேட்பதற்கு ஆர்.டி.எஸ்.ஓ. இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கார் கம்பெனி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்துவதில்லை. டொயோட்டா பெயரில் வரும் ஆயிலைத் தயாரித்துக் கொடுப்பவர்களில் ஜப்பானின் இடெமிட்சு ஒன்று. அது தன் பெயரிலும் ஆயில் விற்கிறது. டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த ஐசின் தன் பெயரில் விற்கிறது. இவை டப்பாவில் ஜே.டபிள்யூ.எஸ். 3324 என்ற தர எண்ணைச் சொல்கின்றன. இந்த மாதிரி டப்பாவை 'டூப்ளிகேட்' என்று ஒதுக்குவது அறியாமை. நான் ஒதுக்கச் சொல்வது, ஒரே டப்பாவில் இருபது முப்பது கார்களின் பெயரைப் போட்டு 'எல்லா வண்டிக்கும்' என்று விற்கிறார்களே, அந்தச் சரக்கை. மெல்லிய ஆயில் கேட்கும் வண்டிக்கும் கெட்டி ஆயில் கேட்கும் வண்டிக்கும் ஒரே ஆயில் எப்படிப் பொருந்தும்?

கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டிக்கு வேண்டியது சுமார் நாலு லிட்டர். வெளி ஆயில் வாங்கி மிச்சம் பிடிப்பது ஆயிரம், மிஞ்சினால் இரண்டாயிரம். அதுவும் பல வருஷத்துக்கு ஒரு முறை. பெட்டி போனால் செலவு லட்சத்தில். ஆகவே என் யோசனை: கம்பெனி டப்பாவையே வாங்குங்கள், அது கிடைக்காவிட்டால் மேலே சொன்ன தர எண் உள்ளதை வாங்குங்கள். எதுவானாலும் பில் போடும் கடையில் வாங்குங்கள். கம்பெனிப் பெயரில்தான் போலி அதிகம் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் 'ஒரிஜினல்' டப்பாவைவிட யோக்கியமான வெளி ஆயில் எவ்வளவோ மேல்.

"ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை" என்று சொல்பவர்களும் உண்டு. யாருடைய ஆயுளுக்கு என்று கேட்க வேண்டும். வாரண்டி உள்ளவரை கம்பெனிக்குக் கவலை. அதற்குப் பிறகு வாங்கியவருக்கு அல்லவா கவலை? சில்க் போர்டு நெரிசலில் தினம் நின்று நின்று ஓடும் பத்து வயது வண்டிக்கு ஒரு முறையாவது மாற்றிவிடுவது நல்லது என்பதே என் கட்சி.

கம்பெனி ஆயில் வாங்கினால் வேலையையும் கம்பெனி சர்வீஸில்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. 2014 ஆகஸ்டு 25-இல் இந்தியப் போட்டி ஆணையம், டொயோட்டா உள்பட 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போய்விட்டது. எனினும் கவுண்டரில் டப்பா வாங்கித் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது ஏதோ திருட்டுக் காரியம் போலக் கூச வேண்டியதில்லை.

மெக்கானிக் தம்பிகளுக்கு ஒன்று. ஹைபிரிட் வண்டி சத்தமில்லாமல் நிற்பதால் அணைந்துவிட்டது என்று கீழே நுழைந்துவிடாதீர்கள். 'ரெடி' விளக்கு எரிந்தால் இஞ்சின் தானே எந்த நேரமும் கிளம்பும். முழுக்க அணைத்துச் சாவியைத் தூரத்தில் வையுங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடாதீர்கள். ஆயில் ஊற்றும் திருகு கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வடிகால் திருகைத் திறங்கள். வடித்துவிட்டு மேல் திருகு திறக்காவிட்டால் வண்டி அங்கேயே கிடக்கும். அளவு பார்க்கும் குச்சி இல்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை வந்தால் சரி.

அல்சூர் நண்பர் இப்போது ஒரு காரியம் செய்திருக்கிறார். கையேட்டில் ஆயில் பெயர் இருக்கும் பக்கத்தைப் பிரதி எடுத்து, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, வண்டிக்குள் வைத்திருக்கிறார். பிடித்த சம்பளத்தில் பாதியை அடுத்த மாதம் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறாராம்.