அரசியல் சட்டத்தை மாத்தறாங்க... உங்க ஓட்டு எங்கே? கேட்க வேண்டிய 3 கேள்விகள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தணும்னா, அந்தத் திருத்தம் வாக்குச்சீட்டுக்கே வந்துவிடும். மக்கள் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஓட்டு போடுவார்கள். இரு தரப்பு வாதங்களும் அச்சிட்ட கையேடு முன்கூட்டியே வீட்டுக்கு வரும்.

ராயப்பேட்டை வாக்காளருக்கு அப்படி ஒரு சீட்டு வராது. இங்கே தமிழ்நாட்டுக்கெனத் தனி அரசியல் சட்டம் கிடையாது. இருக்கும் ஒன்றை, 368-வது பிரிவின்படி நாடாளுமன்றம்தான் திருத்தும். அப்போ நம்ம ஓட்டுக்கு இதுல வேலையே இல்லையா? இருக்கு. ஆனா கொஞ்சம் சுத்தி வளைச்சுப் போகுது.

269 போதுமா?

'ஒரே நாடு ஒரே தேர்தல்' தொடர்பான 129-வது திருத்த மசோதா, 2024 டிசம்பர் 17-ல் மக்களவையில் அறிமுகமானது. ஆதரவு 269, எதிர்ப்பு 198. அறிமுகத்துக்கு இது போதும். நிறைவேற்ற, வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அன்றைய கணக்குப்படி 312. மசோதா கூட்டுக் குழுவுக்குப் போனது.

அதன்படி, மக்களவையின் 5 ஆண்டு முடியும்போது சட்டமன்றங்களும் முடியும். நடுவில் சட்டமன்றம் கலைந்தால், புதிதாக வருவது மிச்சக் காலத்துக்கு மட்டும். செலவு குறையும் என்கிறது ஆதரவுத் தரப்பு. மாநில வாக்காளரின் 5 ஆண்டுத் தீர்ப்பு சுருங்கும் என்கிறது எதிர்த்தரப்பு.

யாரைக் கேட்பது?

1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறும் எம்.பி.யின் பதவி பறிபோகலாம். அதனால் வேட்பாளர் நல்லவரா என்பது மட்டும் போதாது. கட்சியின் நிலைப்பாடு தெரியணும். அ.தி.மு.க. தலைமை அலுவலகமும் காங்கிரஸின் சத்தியமூர்த்தி பவனும் ராயப்பேட்டையிலேயே இருக்கின்றன. கேட்க தூரம் போக வேண்டாம்.

1. நிறைவேறினால் எது மாறும், தோற்றால் எது அப்படியே இருக்கும்?

2. அதிகாரம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும்?

3. மாநிலங்களின் ஒப்புதல் வேண்டாமா? 2016-ல் ஜி.எஸ்.டி. திருத்தத்துக்குக் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களை ஒன்றாக நடத்த அது தேவையில்லை என்றது ராம்நாத் கோவிந்த் குழு.

நேரடி வாக்கெடுப்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. இலங்கையில் 1982 டிசம்பர் 22-ல், 1977-ல் தேர்வான நாடாளுமன்றத்தின் காலத்தை மேலும் 6 ஆண்டு நீட்டிக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். யாழ்ப்பாணம் பெருவாரியாக 'இல்லை' என்றது. நாடு முழுக்க சுமார் 55% 'ஆம்'. அடுத்த பொதுத்தேர்தல் 1989-லதான் வந்தது. தங்கள் அடுத்த ஓட்டையே தள்ளிப்போட, மக்களே ஓட்டு போட்டார்கள்.

ஆகவே அடுத்த முறை ஓட்டு கேட்டு வருகிறவரிடம் ரோடு, குடிநீரோடு இதையும் கேளுங்க: "இந்தத் திருத்தம் வந்தா உங்க கட்சி எந்தப் பக்கம்?" பதிலைத் தேர்தலுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.