சித்தாள் ஏன் கொத்தனார் ஆவதில்லை?

தொழிற்கல்வி என்ற சொல்லைக் கேட்டாலே நம் தோழர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நியாயமான சந்தேகம்தான். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பிள்ளைகளைப் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் அப்பன் தொழிலிலும் வைக்கப் பார்த்தது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று அடையாளம் காட்டி எதிர்த்தார். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது ஒழிந்தது. எழுபது ஆண்டுகள் கழித்து 2023-இல் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கான விஸ்வகர்மா திட்டத்தோடு வந்தது. குடும்பம் வழிவழியாக அத்தொழிலைச் செய்துவந்திருக்க வேண்டும் என்பதை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 18-இலிருந்து 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு ஏற்காததால் அதைச் செயல்படுத்த மறுத்து, 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. நாமும் வரவேற்றோம்.

ஆனால் அதுவும் முதன்மையாக, ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்குக் கடனும் மானியமும் தரும் திட்டம். தொழிலே தெரியாத, 38 வயதில் புதிதாக ஒன்றைக் கற்க விரும்புகிற ஒரு தூய்மைப் பணியாளர் எங்கே போவார்? அப்பன் தொழிலில் தள்ளுவதை எதிர்த்து வென்றோம். வேறு தொழிலுக்கான கதவு பூட்டிக் கிடப்பதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் கருத்து. பூட்டிய கதவும் அதே குலத்தொழிலில்தான் ஆளை நிறுத்துகிறது. அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படாது, அவ்வளவுதான்.

வயது வந்தோர் கல்வி குறித்த என் முனைவர் பட்ட ஆய்வுக்காக இரண்டு ஆண்டுகளாக எழுத்தறிவு மையங்களுக்குப் போய்வருகிறேன். ஒரு காலனியில் மாலை வகுப்பு முடிந்து சிலேட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா கேட்டார்: “கையெழுத்து போடக் கத்துக்கிட்டேன் தம்பி, சந்தோசம்தான். சம்பளப் பதிவேட்டுல ரேகைக்குப் பதிலா இனிமே கையெழுத்து. வேலை அதே வேலைதானே? மோட்டாரு கட்டுறது, வயரிங்கு, அந்த மாதிரி எதுனா சொல்லித் தருவாங்களா?” அந்த மையத்தை நடத்தும் தன்னார்வலரிடம் அதற்குப் பதில் இல்லை. அவருக்கே ஊதியம் கிடையாது.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரைக்கானது. 15 வயதுக்கு மேற்பட்ட ஐந்து கோடிப் பேர் இலக்கு, ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். அதன் ஐந்து கூறுகளில் தொழில்திறன் வளர்ச்சியும் ஒன்று என்று ஆவணம் சொல்கிறது. தேர்வு எதற்கு நடக்கிறது? வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50, ஆக 150 மதிப்பெண். அளக்கப்படுவது எதுவோ அதுதான் நடத்தப்படும். நான் பார்த்த மையங்களில் தொழில்திறன் என்ற கூறு வந்து சேரவே இல்லை. வேறு சில திட்டங்களில் வருவதும் பெரும்பாலும் தையல், அழகுக்கலை. தையலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரே தெருவில் இருபது பேருக்குத் தையல் கற்றுக்கொடுத்தால் யார் துணியை யார் தைப்பது?

சரி, ஐடிஐ இருக்கிறதே என்பார்கள். வயர்மேன், வெல்டர் பிரிவுகளுக்கே எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பகலில் முழுநேரமாகப் போக வேண்டும். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. செய்தித்தாள்களில் அறிவிப்பு வரும், பார்த்திருப்பீர்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், உச்ச வயது வரம்பு இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கூடவே, வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகள் உங்களை உதவியாளாக யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஒப்பந்ததாரர் தன் மச்சானையும் அக்காள் மகனையும் சேர்ப்பார். சொந்தம் என்றால் இந்த நாட்டில் சாதி. தேர்வு விதியில் சாதி என்ற சொல் இல்லை. அனுபவம் என்ற சொல்லுக்குள் அது உட்கார்ந்திருக்கிறது.

கட்டட வேலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெண் சித்தாளாகச் சேர்கிறார். இருபது ஆண்டுகள் கலவைச் சட்டி சுமக்கிறார். கலவையின் பதம் கொத்தனாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கரண்டியும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் அவர் கைக்கு வருவதில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்த பையன் மூன்றாவது ஆண்டில் கொத்தனாராகி, கூடுதல் கூலி வாங்குகிறான்.

பழைய கதைதான் இது. 1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் தீண்டப்படாதோர் நெசவுப் பிரிவில் அனுமதிக்கப்படவில்லை. நூலை நாடாவில் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டியிருந்தது. தீட்டாகிவிடும் என்று மற்ற தொழிலாளர்கள் மறுத்தார்கள். கூலி அதிகம் கிடைத்த பிரிவுகளில் ஒன்று அது. அம்பேத்கர் இதை வேலைநிறுத்தத் தலைவர்களிடமே எழுப்பினார். 1942-இல் வைஸ்ராயிடம் அளித்த மனுவிலும் பட்டியல் சாதியினருக்கு அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் தொழில்நுட்பப் பயிற்சி கேட்டார். கல்லூரிக்கு உதவித்தொகை கேட்ட அதே மனுவில்தான் இதையும் கேட்டார். நம்மில் சிலர் ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைக்கிறோம். நம் பிள்ளைகள் ஐஐடிக்குப் போகட்டும், கரண்டி எதற்கு என்று ஒரு தோழர் என்னிடம் கோபப்பட்டார். பிள்ளை போகட்டும். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு இன்னும் இருபது ஆண்டு உழைப்பு மிச்சமிருக்கிறது. அதை அவர் எதில் செலவிடுவார்?

மலக்குழி மரணங்களுக்கு எதிராகப் போராடும் நாம் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை இன்னும் உரக்கப் பேச வேண்டும். கையால் மலம் அள்ளியவருக்கோ அவர் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கோ வாழ்வாதாரத் தொழிற்பயிற்சி தர வேண்டும், பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாமல் உதவித்தொகை தர வேண்டும் என்கிறது அது. ‘தகுதிக்கும் விருப்பத்துக்கும் உட்பட்டு’ என்று ஒரு கொக்கியும் உண்டு. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டவரிடம் பயிற்சிக்குத் தகுதி கேட்பது எவ்வளவு பெரிய கேலி! தொகையையும் பாருங்கள். நாளுக்கு நூறு ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலியே 336 ரூபாய். குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு யார் ஆறு மாதம் பிளம்பிங் கற்க வருவார்கள்? வராதபோது ‘ஆர்வமில்லை’ என்று கோப்பில் எழுதிவிடுவார்கள்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிகளில் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கு அங்கே குவாரிக் குத்தகையே கொடுக்கப்பட்டது. குத்தகைக் கணக்கு பார்க்க எழுத்து தேவைப்பட்டது. கற்ற எழுத்துக்கு உடனே வேலை இருந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவு இல்லாமல் அது நடந்திருக்காது என்பதும் உண்மை. ஒரு அதிகாரி மாறினால் நின்றுவிடாத விதியாக அது மாற வேண்டும்.

தொழில் கற்றால் மட்டும் சாதி போய்விடுமா, சேரியிலிருந்து வந்த பிளம்பரைச் சமையலறைக்குள் விடுவார்களா என்று கேட்கலாம். சில வீடுகளில் விடமாட்டார்கள். அந்தச் சண்டையைத் தனியே போட வேண்டும். உரிமமும் கருவியும் கையில் இருப்பவர் அந்தச் சண்டையை வேறு மாதிரி போடுவார்.

தமிழ்நாடு அரசு 71 அரசு ஐடிஐக்களைச் சுமார் 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் நவீனப்படுத்தியது. அந்தப் பட்டறைகளில் இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை வயது வந்தோருக்கு வயரிங், பிளம்பிங், வெல்டிங், கொத்து வேலை வகுப்புகள் நடக்கட்டும். சேர்க்கைக்கு வகுப்புத் தேர்ச்சி கேட்கக் கூடாது. தேர்வு வாய்மொழியாகவும் செய்முறையாகவும் இருக்கட்டும். அங்கே பெற்ற பயிற்சியை ஐந்தாண்டு அனுபவத்துக்கு ஈடாக மின்கம்பியாள் தேர்வில் ஏற்க வேண்டும். உதவித்தொகை குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது. தூய்மைப் பணியாளர்களுக்கும் சித்தாள் பெண்களுக்கும் முதல் இடம். வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககத்திடமும் தொழிலாளர் துறையிடமும் இந்தக் கோரிக்கையை நம் அமைப்புகள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.