இரவு எட்டரை மணிக்கு யோகா வேண்டும்

சர்வதேச யோகா தினம் 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 காலையில் மைதானங்களில் நடக்கிறது. எங்கள் சாத்தூரில் யோகா மிகவும் தேவைப்படும் பெண்களுக்கோ காலை வேளையே கிடையாது. நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தூக்குவாளியோடு ஆலை வண்டி ஏறுகிறவர்கள் அவர்கள். உறக்கம் வராமல் தவிக்கும் அவர்களுக்கான யோகா வகுப்பு இரவில், அவர்கள் தெருவிலேயே நடக்க வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. வைப்பாற்றுக்கு அருகே ஒரு வீட்டு மொட்டைமாடியில் இரவு எட்டரைக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தீக்குச்சி அடுக்குகிறவர்கள், சரவெடி பின்னுகிறவர்கள். பகலெல்லாம் குனிந்த கழுத்து. "செவ்வாக்கெழம குழுத் தவணை டீச்சர். திங்கக்கெழம ராத்திரி பொட்டுத் தூக்கம் கெடையாது" என்றார் குழுக் கடன் கட்டும் ஒருவர். 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்ததிலிருந்து, மகள் வேலைக்குப் போகும் நாளுக்கு முந்தின இரவே கண்விழித்துக் கிடக்கும் தாயும் வருகிறார்.

கடினமான ஆசனம் எதுவும் இல்லை. சேலையிலோ நைட்டியிலோ செய்யக்கூடியவை மட்டுமே. கழுத்தையும் தோளையும் தளர்த்துவது, சுவரில் கால்களை ஏற்றிவைத்துப் படுப்பது, நாலு எண்ணி மூச்சிழுத்து ஆறு எண்ணி விடுவது, வண்டுபோல் ரீங்கரிக்கும் பிராமரி, கடைசியில் சவாசனம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. பகல் முழுக்க விறைத்திருந்த உடம்பு மெல்ல இறங்குகிறது. சவாசனத்திலேயே சிலர் தூங்கிவிடுவார்கள். நான் எழுப்புவதில்லை.

2020இல் 'பிஎம்சி சைக்கியாட்ரி' இதழில் வெளியான ஒரு கட்டுரை 19 ஆய்வுகளைத் தொகுத்தது. பங்கேற்றவர்கள் 1,832 பேர். யோகா செய்த பெண்களின் உறக்கத் தரம் மேம்பட்டிருந்தது. ஆனால் மாதவிடாய் நிற்கும் பருவத்தினரிடமும் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களிடமும் தெளிவான பலன் தெரியவில்லை. அதனால்தான் உடம்பு காந்தி வியர்த்து விழிக்கும் அக்காமார்களை மருத்துவரிடம் அனுப்புகிறேன். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கமின்மை, அதுவும் மூன்று மாதமாக என்றால் யாராக இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும். தாங்களாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போடக் கூடாது.

தவணையை மூச்சுப்பயிற்சி அடைக்காது என்பதும் தெரியும். வார வசூலை மாத வசூலாக்கினால் திங்கட்கிழமை இரவுகளாவது மிஞ்சும்.

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, குடும்பஸ்தர்களை நினைத்தே எளியமுறை உடற்பயிற்சியை வகுத்தார். தமிழ்நாடெங்கும் இருக்கும் அவர் வழிவந்த மனவளக்கலை மன்றங்கள் ஆலைப் பெண்களுக்கென இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாமே.

அரசும் செய்ய வழியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பையோடு வாசலுக்கு வரும் அந்தத் திட்டப் பெண்கள் பிரஷர் பார்க்கும்போதே, "ராத்திரி தூக்கம் வருதாக்கா?" என்று கேட்கட்டும். வரவில்லை என்பவருக்கு அருகிலேயே ஒரு வகுப்பு இருக்கட்டும். பள்ளிக்கூட வராந்தா போதும். சொல்லிக்கொடுப்பவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். பெண்கள் நடந்து வீடு திரும்பும் வழியில் தெருவிளக்கும் எரிய வேண்டும்.